வெறியாட்டும் நாடக வைத்தியமும்

நம் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் சில காலமாக ஒரு புதுப்பேச்சு உலவி வருகின்றது. மனநோய்க்கு நாடகத்தால் வைத்தியஞ் செய்யும் முறையொன்று மேல்நாடுகளில் உண்டென்றும், அதனை மனநல ஆலோசனையோடு சேர்த்து நடத்தினால் வெறும் பேச்சு எட்டாத இடத்தையும் அஃது எட்டுமென்றும் படித்தவர் சிலர் சொல்லத் தொடங்கியதுதான் தாமதம், இரு திறத்தார் இரு பக்கமும் கிளம்பிவிட்டனர். ஒரு சாரார், "இதிலென்ன புதுமை? நம் முன்னோர் ஆயிரமாண்டு செய்ததுதானே! கோயில் சாமியாட்டமும், பம்பையும் உடுக்கையும், பேயோட்டும் பூசாரியும் செய்யாததை இவர்கள் என்ன செய்துவிடப் போகின்றார்கள்?" என்கின்றனர். மற்றொரு சாரார், நம்மைப் போன்றே பகுத்தறிவு பேசுவோர், "இது கால்சட்டை மாட்டிக்கொண்டு வந்த பேயோட்டு, ஒன்றை ஒழிக்கப் பாடுபடும் நாம் மற்றொன்றை வாசல் திறந்து அழைப்பதா?" என்று நகைக்கின்றனர். இவ்விருவரும் எதிரெதிரே நின்று பேசுவது போலத் தோன்றினும், இருவர் பேச்சின் விளைவும் ஒன்றே. இரண்டு மாதமாய்ச் சோறு தண்ணீர் செல்லாமல் லயத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். ஆதலின் இருவரோடும் வழக்காட வேண்டியது நம் கடமையாயிற்று.

நாம் தோட்டத்துக் காரியாலயத்தில் செக்ரோல் எழுதிப் பிழைப்பவர். காலைப் பிரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்று பெயருக்கெதிரே குறியிடுவது நம் தொழில். வராதவர் காரணத்தையும் கேட்டு எழுதுகின்றோம். அவ்விடத்தில் 'மனம் நொந்தது' என்று எழுதும்படி இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. தலைவலி என்பார்கள், வயிற்றுக்கடுப்பு என்பார்கள், கைகால் அசதி, நெஞ்சடைப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள். பெண்மக்களானால் 'பயந்து கிடக்கிறாள்' என்றோ, 'காத்துக் கறுப்பு அண்டிவிட்டது' என்றோ அண்டைவீட்டார் வந்து சொல்வர். மனத்தின் நோவைச் சொல்ல நம்மவரிடம் சொல்லில்லை என்று ஆங்கிலம் வழியே கற்றவர் சிலர் எண்ணுகின்றனர், அது பெரும்பிழை. ஒப்பாரியிலும் தாலாட்டிலும் அச்சொற்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் 'இஃது எனக்குற்றது' என்று மற்றொருவர் முன் சொல்ல இடந்தான் இல்லை.

சொன்னால் கிடைக்கும் பட்டமும் ஆயத்தமாக இருக்கின்றது. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது 1911-ஆம் ஆண்டில். அன்று தொட்டு அவ்வூர்ப் பெயரே நம் நாட்டில் ஓர் ஏசற்சொல்லாகி விட்டது. மகிழ்ச்சி என்று பொருள்படும் 'பஹாகியா' என்ற பெயரை அந்த ஆஸ்பத்திரிக்குச் சூட்டிப் பல்லாண்டாகியும் ஏச்சு மாறவில்லை. சிங்கப்பூரில் உட்பிரிட்ஜ் என்ற பெயருக்கும் இதே கதிதான். இந்நிலையில் எவன் வாய்திறப்பான்? மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2019-இல் வயது வந்தோரில் நூற்றுக்கு 2.3 பேருக்கு மனச்சோர்வு நோய்க்குறி கண்டது. 2023-இல் அதுவே 4.6 ஆயிற்று. நான்காண்டில் இரட்டித்த ஒன்றை நாம் இன்னும் வயிற்றுக்கடுப்பென்று எழுதிக் கொண்டிருக்கின்றோம்.

இனி, முதற்சாராரிடம் வருவோம். அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. சாமியாட்டத்தில் நோயாளிக்கு ஏதோ ஒன்று நிகழத்தான் செய்கின்றது. பத்தாண்டு வாய்திறவாத மருமகள், உடுக்கை ஒலி ஏறியதும் தலைவிரித்தாடி, மாமியாரைப் பெயர் சொல்லி அழைத்து ஏசுகின்றாள். குடித்துவிட்டு அடிக்கும் புருஷன் கைகட்டி வாய்பொத்தி நிற்கின்றான். 'என்னைப் பட்டினி போட்டாயே!' என்று அவள் கூவுங்கால் கூடியிருப்போர் எல்லாரும் நடுங்குகின்றனர். கேட்ட புடவை வருகின்றது. கேட்ட பொங்கல் பொங்குகின்றது. ஒரு நாழிகை அவள் அவ்வீட்டுக்கு அரசியாகின்றாள். மறுநாள் முகம் தெளிந்து வேலைக்கும் வருகின்றாள். இதைத்தான் நம் பழம்பெருமைக்காரர் 'பார்த்தீர்களா, குணமாயிற்று' என்று காட்டுகின்றனர்.

ஆனால், பேசியது யார்? சாமி பேசியது, அவள் பேசவில்லை. கற்பூரம் அணைந்து, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபின், 'நான் என்ன சொன்னேன்?' என்று அவளே கேட்கின்றாள். 'உனக்கொன்றும் தெரியாது, ஆத்தா பேசினாள்' என்று விடை வருகின்றது. பட்டினி கிடந்தவள் அவள், அடிபட்டவள் அவள், வழக்கு மட்டும் ஆத்தாளின் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றது. புருஷன் அஞ்சியது தெய்வத்துக்கேயன்றி மனைவிக்கன்று. தெய்வம் மலையேறியபின் அவனுக்கு என்ன அச்சம்? சம்பள நாளிரவு மறுபடி அடி விழுகின்றது. மறுபடி சாமி வரவேண்டியிருக்கின்றது. நாமறிந்த தோட்டமொன்றில் ஒரு பெண்மணிக்கு இவ்வாறு ஏழாண்டு ஆண்டுதோறும் சாமி வந்தது. எட்டாம் ஆண்டு சாமியும் வரவில்லை, அவள் எழுந்திருக்கவுமில்லை. அப்பொழுதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயினர்.

பேயோட்டுவது இன்னுங் கொடியது. 'நீ யார்? எந்த மரத்திலிருந்து வந்தாய்? என்ன வேண்டும்?' என்று சாட்டையோடு மூன்று கேள்வி கேட்கப்படும். மூன்றாவது கேள்விதான் பூசாரிக்கு வேண்டுவது. சேவற்கோழியும் சாராயமும் அதன் விடையிலேயே அடங்கியிருக்கின்றன. 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று ஒருவரும் கேட்பதில்லை. சித்தப்பிரமை முதலாய கடும் நோய்களில், வைத்தியம் தொடங்கத் தாமதமாகுந்தோறும் குணமாவது அரிதாகும் என்பது இன்று மருத்துவர் அனைவரும் ஒப்பிய உண்மை. மூன்று பௌர்ணமி காத்திருந்து எலுமிச்சம்பழம் அறுப்போர், அந்த மூன்று மாதத்தையும் அந்நோயாளியின் வாழ்நாளிலிருந்து அறுத்தெடுக்கின்றனர்.

முன்னோர் முன்னோர் என்போர் முன்னோரைப் படித்தாவது பேசலாகாதா? சங்கத் தமிழின் அகப்பாட்டுகளிலே வெறியாட்டு என்றொரு துறை உண்டு. மகள் உண்ணாள், உறங்காள், மேனி வாடுகின்றாள். தாய் அஞ்சி வேலனை அழைக்கின்றாள். களம் இழைத்து, ஆட்டுமறி அறுத்து, 'முருகு அணங்கியது' என்று அவன் ஆடுகின்றான். அவள் நோய்க்குக் காரணம் முருகனல்லன் என்பது கேட்போர் அனைவருக்கும் தெரியும்; மலைநாட்டுத் தலைவன் ஒருவனை அவள் காதலித்ததே காரணம். நற்றிணையிலே தோழியொருத்தி, வெறிக்களத்துக்கு வந்துநின்ற முருகனையே பார்த்து, உண்மை தெரிந்தும் இங்கு வந்த உன் அறியாமையை என்னென்பது என இடித்துரைக்கின்றாள். பின் நோய் எவ்வாறு தீர்கின்றது? தோழி, நடந்ததை நடந்தவாறே செவிலித்தாய்க்குச் சொல்கின்றாள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர் வைத்தனர் நம் இலக்கணிகள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுதுமே அப்படிச் சொல்லும் ஒரு சொல்தான். வேலன் ஆட்டத்தால் தீராதது, உண்மையறிந்த ஒருத்தி பொறுமையாய்ச் சொல்லத் தீர்கின்றதென்று இரண்டாயிரமாண்டுக்கு முன் பாடியவர் நம் புலவர். அப்பாட்டுகளுக்கு உரியோமென்று மார்தட்டிக் கொண்டு, நாம் இன்னும் வேலனுக்கே தாம்பூலம் வைக்கின்றோம்.

நிற்க. இரண்டாஞ் சாராராகிய நம் பகுத்தறிவு நண்பர்க்கு ஒரு சொல். நாடக வைத்தியம் என்பது மருளாடுவதன்று, மருள் தெளிவது. அதிலே நோயாளி ஒரு வேடத்தை அறிந்தே ஏற்கின்றார், அறிந்தே களைகின்றார். ஆட்டம் முடிந்ததும், 'இதுவரை நான் என் தந்தையாக இருந்தேன். இப்பொழுது நான் நானே' என்று வாய்விட்டுச் சொல்லி வேடங்களைவதை இக்கலையில் ஒரு கட்டாயச் சடங்காகவே வைத்திருக்கின்றனர். சாமியாடியவளுக்கு என்ன பேசினோமென்பது நினைவில் இல்லை. இங்கே நினைவில் இருத்துவதே நோக்கம். வேறுபாடு இதைவிடத் தெளிவாக இருத்தல் கூடுமோ?

அன்றியும், இது முழுவதும் மேல்நாட்டுச் சரக்கு என்பதும் பொருந்தாது. பிரிட்டனில் இக்கலையை நிலைநாட்டியோருள் ஒருவரான சூ ஜென்னிங்ஸ் என்னும் அம்மையார், 1970-களில் நம் மலைநாட்டுக் காடுகளிலே தெமியார் என்னும் பூர்வகுடிகளோடு தங்கி, கனவிற் பெற்ற பாட்டைப் பாடியாடி அவர்கள் நோய் தீர்க்கும் முறையை ஆராய்ந்தவர். 1995-இல் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். கிளந்தானிலும் திரங்கானுவிலும் மலாய்மக்கள் 'மாயின் புத்திரி' என்று நடத்தும் வைத்தியக் கூத்தை, கேரல் லேடர்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1991-இல் ஒரு பெருநூலாக எழுதினார். மனிதனுக்கு இயல்பாயமைந்த 'அங்கின்', அதாவது காற்று, வெளிப்பட வழியின்றி உள்ளே அடைபட்டால் நோயாகும் என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கொள்கையை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அக்கூத்தில் இருவர் உண்டு. மருள்கொண்டு பல பாத்திரமாய் ஆடுபவர் தோக் புத்திரி. ரெபாப் என்னும் வில்யாழை மீட்டிக்கொண்டு, மருளாமல் உட்கார்ந்து, வருகின்ற ஒவ்வொரு பாத்திரத்தையும் கேள்வி கேட்டுப் பேச்சுக் கொடுப்பவர் தோக் மிண்டோக். ஆடுபவரையும் கேட்பவரையும் பிரித்தால் அங்கே வைத்தியம் இல்லை. நம் தலைப்பின் சாரம் முழுவதும் அந்தப் பாயின்மேல் உட்கார்ந்திருக்கின்றது.

மேல்நாட்டில் இம்முறைக்கு வித்திட்டவர் ஜேக்கப் மொரீனோ. 1889-இல் புக்காரெஸ்டில் பிறந்து, வியன்னாவில் மருத்துவங் கற்றவர். முதல் உலகப்போருக்குப் பின் அந்நகரிலே, எழுதிவைத்த வசனமின்றி நடிகர் தாமே அவ்வப்பொழுது கட்டிப்பேசும் நாடகமன்றம் ஒன்றை நடத்தினார். அங்கு ஒரு நடிகை. மேடையில் எப்பொழுதும் சாந்தமும் பத்தினித்தன்மையும் நிறைந்த பாத்திரமே அவளுக்கு. ஒருநாள் அவள் கணவன் மொரீனோவிடம் வந்து, வீட்டில் அவள் ஏசுவதையும் அடிப்பதையும் சொல்லி அழுதான். மொரீனோ அவளுக்குத் தெருச்சண்டைக்காரி வேடங்களைக் கொடுத்தார். மேடையிலே கொட்டித் தீர்த்தாள். வீட்டிலே சீற்றம் தணிந்தது. பின்னர்க் கணவனையும் மேடையேற்றி, அவ்விருவர் இல்லறக் காட்சிகளையே ஆடச்செய்தார். மொரீனோ 1925-இல் அமெரிக்கா சென்று, 1936-இல் நியூயார்க் மாநிலத்துப் பீக்கன் நகரில் மேடையோடு கூடிய மனநோய் மருத்துவமனை அமைத்து, 1974-இல் இறந்தார். நோயாளியும் எதிராளியும் இடம் மாறி ஆடுவது, வாய்வராதவர்க்கு இன்னொருவர் பின்நின்று குரல் கொடுப்பது, தன் நடையைப் பிறர் நடித்துக்காட்டத் தான் எதிரே இருந்து பார்ப்பது ஆகிய இவையெல்லாம் அவர் வகுத்தவை.

இக்கதையை இங்கே நிறுத்திவிட்டுக் கைதட்டு வாங்குவோர் பலர். நாம் நிறுத்தமாட்டோம். அத்தம்பதிகள் பின்னர்ப் பிரிந்தனர். அக்கணவன் பிற்காலத்தில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். நாடகம் அவனைக் கொன்றதென்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறிவீனம். மனைவியின் சீற்றம் தணிந்ததைக் கண்டோம். அவனுள் என்ன இருந்ததென்பதைக் கண்டோமா? மேடையில் வெளிப்படுவது வேறு. விளக்கணைந்தபின் ஒருவன் நெஞ்சில் தங்குவது வேறு. அந்தத் தங்குவதோடு வாரந்தோறும் தனியே உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். அவரைத்தான் மனநல ஆலோசகர் என்கின்றோம்.

இங்கேதான் மூன்றாவது ஒரு சாராரையும் கண்டித்தாக வேண்டும். அவர்கள் பட்டணத்து மண்டபங்களில் ஒருநாட் பயிற்சி நடத்துவோர். காலை ஒன்பதுக்குத் தேநீர், பத்துக்கு மூச்சுப்பயிற்சி, பதினொன்றுக்கு 'உங்கள் வாழ்வின் மறக்கமுடியாத துயரத்தை நடித்துக் காட்டுங்கள்' என்று ஆணை. அத்தகைய ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞனை, இறந்துபோன அவன் தந்தையாக நடிக்க வைத்தனர். அவன் நடிக்கவில்லை, தந்தையாகவே ஆகிவிட்டான். அந்தக் குரல் கேட்டு அரங்கம் முழுவதும் அழுதது. நடத்தியவர் அவன் முதுகில் தட்டி, 'சபாஷ்' என்று கூறி அடுத்தவரை அழைத்தார். பிற்பகல் பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததை நாம் கண்டோம். பொட்டலம் பிரிக்கப்படவில்லை. அவனை யார் வீட்டுக்கு அழைத்துச் சென்றார், மறுநாள் அவனிடம் யார் பேசினார் என்று கேட்டதற்கு, 'பங்கேற்பாளர் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டோம்' என்பதே மறுமொழி. வேடத்தைக் களையாமல் ஒருவனைத் தெருவில் விடுவோர்க்கும், சாட்டையெடுக்கும் பூசாரிக்கும் என்ன வேற்றுமை? பூசாரியாவது கடைசியில் திருநீறு பூசி, சாமி மலையேறிவிட்டதென்று சொல்லி அனுப்புகின்றான்.

இத்தகையோர் 'நாடகத்தால் எல்லா மனநோயும் தீரும்' என்றும் விளம்பரஞ் செய்கின்றனர். அவர்களுக்கு ஒரு கணக்கு. சித்தப்பிரமை நோய்க்கு நாடக வைத்தியம் எவ்வளவு பயன்படுமென்று 2007-இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் குழுமத்தார் உலகத்து ஆராய்ச்சிகளையெல்லாம் சலித்தனர். தேறியவை 5 ஆராய்ச்சிகள். அவற்றில் இருந்த நோயாளிகள் எல்லாரையும் கூட்டினால் 210 பேர். நன்றென்றோ தீதென்றோ உறுதிசொல்ல அது போதாதென்று எழுதிவைத்தனர். எனவே டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மேடையேறு என்பவன் யாராயினும், எத்துணைப் பட்டம் பெற்றவனாயினும், அவனை வாசலிலேயே நிறுத்துங்கள். நாடகம் மருந்துக்கு மாற்றன்று, பேச்சுக்குத் துணை.

பேச்சுக்குத் துணை எதற்கு, பேச்சே போதாதா என்று ஆலோசகர் சிலர் கேட்பர். கேட்பவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்கின்றனர் என்பதே முதல் விடை. நாமும் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்தாம். அம்மொழியில் கணக்கும் கடிதமும் எழுதத் தடையில்லை. ஆனால் தாய் இறந்த அன்று நாம் அழுதது ஆங்கிலத்திலன்று. குளிர்சாதன அறையில், மேசைக்கு அப்பால் அமர்ந்து, 'இப்பொழுது உங்கள் உணர்ச்சி யாது?' என்று மொழிபெயர்த்த தமிழில் ஒருவர் கேட்டால், தோட்டத்துத் தாய் என்ன சொல்வாள்? 'ஒண்ணுமில்லீங்க ஐயா' என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. ஐயா முன் அமர்ந்தபோது சொல்லத்தக்கது ஒன்றுமில்லை என்று மூன்று தலைமுறையாய்ப் பழக்கப்பட்டவள் அவள். கங்காணியிடம் அப்படி, கிராணியிடம் அப்படி, துரையிடம் அப்படி. சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு உயிரோடு திரும்பியவர்களே தம் பிள்ளைகளிடம் வாய்திறவாமல் இறந்தனர் அல்லவா? தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தோரும் அந்த வாய்ப்பூட்டை மூட்டை முடிச்சோடு கொண்டு வந்திருக்கின்றனர்.

அதே தாயிடம் நல்லதங்காள் கதையை எடுத்துப் பாருங்கள். ஏழு பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்குப் பசியோடு வந்தவளை மூளியலங்காரி எப்படி நடத்தினாள் என்பதை அவள் விரலைநீட்டிச் சொல்லத் தொடங்குவாள். பச்சை வாழைமட்டையைக் கொடுத்து அடுப்பெரிக்கச் சொன்னாளென்னும் இடத்தில் குரல் உயரும். அது மூளியலங்காரியைப் பற்றிய கோபம் மட்டுமா? இதனைத்தான் இக்கலைவல்லார் தூரம் என்கின்றனர். தன் கதைக்கும் தனக்கும் நடுவே ஒரு கதைமாந்தரை நிறுத்திக்கொண்டால், மிகவும் அருகிலிருந்து வெந்து போகாமலும், மிகவும் விலகிநின்று மரத்துப் போகாமலும் மனம் தன்னைத் தான் பார்க்கும்.

நம் கூத்துமேடைக்கு இந்த ஆற்றல் என்றும் இருந்தது. மயான காண்டத்தில் சந்திரமதி மகனைக் கிடத்தி அழும்போது அழாத தோட்டமுண்டோ? ஆனால் அழுதவன் மறுநாள் பிரட்டுக்கு அதே மனிதனாகவே வருகின்றான். அதே கை அதே மனைவிமேல் விழுகின்றது. அழுகை வந்தது, போயிற்று. அதைப் பிடித்து நிறுத்தி, 'எந்த இடத்தில் உனக்கு நெஞ்சடைத்தது?' என்று கேட்பார் இல்லை. நல்லதங்காள் கதையில் கிணற்றில் விழுந்தவர்களைச் சிவபெருமான் வந்து எழுப்பினார். நம் தோட்டத்துச் செக்ரோலில் அப்படி எழுந்து வந்தவர் பெயரை நாம் எழுதியதில்லை. ஆகையால் கதையைக் கிணற்றங்கரையிலேயே நிறுத்தவேண்டும். நிறுத்தி, சுற்றியிருக்கும் பெண்களைப் பார்த்து, 'இப்பொழுது இவளிடம் யார் வந்திருக்கலாம்? என்ன சொல்லியிருக்கலாம்? யாரேனும் எழுந்து வந்து சொல்லுங்கள்' என்று கேட்கவேண்டும். பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் என்பவர், பார்ப்போரை எழுப்பி மேடையேற்றி முடிவை மாற்றச் செய்யும் நாடகமுறையை உலகெங்கும் பரப்பி, 2009-இல் இறந்தார். எழுந்து வருகின்ற முதல் பெண் என்ன சொல்கின்றாள் என்பதை ஆலோசகர் அருகிலிருந்து கேட்டுக்கொண்டால், அவள் வீட்டு நிலையை அறிய அவருக்கு வேறு கேள்வியே வேண்டாம். அன்று மாலையோ மறுவாரமோ அவளைத் தனியே அழைத்துப் பேசத் தொடங்கலாம். ஆட்டத்தில் திறந்த கதவை அந்தப் பேச்சுத்தான் திறந்தபடியே வைத்திருக்கும்.

தனியே பேசும்பொழுதும் நாடகம் கைவிடப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, தகப்பனோடு சண்டையிட்டு வெளியூர் சென்ற மகன், தகப்பன் சாவுக்கு வந்துசேர முடியாமற் போனான் என்று கொள்வோம். 'வருந்தாதே' என்று நூறுமுறை சொல்லி ஆவதென்ன? எதிரே ஒரு வெறும் நாற்காலி போடப்படுகின்றது. அதில் தகப்பன் இருப்பதாகக் கொண்டு, சொல்ல நினைத்ததை அவன் சொல்கின்றான். பிறகு எழுந்து அந்த நாற்காலியில் தானே அமர்ந்து, தகப்பனாக நின்று விடை கூறுகின்றான். வரும் விடை ஏச்சாகவும் இருக்கலாம், 'சாப்பிட்டாயா?' என்பதாகவும் இருக்கலாம். பின் நாற்காலியை விட்டெழுந்து, தன் பெயரைச் சொல்லித் தானாகின்றான். இவ்வளவும் கால்மணி நேரம். மீதி முக்கால்மணி, அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், அந்த விடையைப் பற்றிய பேச்சு. நாடகம் கால்பங்கு, ஆலோசனை முக்கால்பங்கு என்னும் இந்தக் கணக்கு நம்முடையது. வல்லவர் வேறு கணக்கும் சொல்லலாம். ஆனால் முக்காற்பங்கை வெட்டிவிட்டுக் காற்பங்கைக் காட்சியாக்கி விற்பதைத்தான் நாம் எதிர்க்கின்றோம்.

தோட்டத்துக்கென்று தனியே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பட்டணத்தில் பக்கத்துவீட்டான் பெயரறியான். லயத்திலோ ஒருவீட்டு அம்மியோசை பத்துவீட்டுக்குக் கேட்கும். ஆகவே ஒருத்தியின் சொந்தக் கதையைத் தோட்டத்து மண்டபத்தில் ஆடவிடுவது அவளை லயத்தின் நடுவே நிறுத்திக் கல்லெறிவதற்கு ஒப்பாகும். எல்லாரும் கூடும் மண்டபத்தில் நல்லதங்காளும் சந்திரமதியும் போதும். சொந்தக் கதை, கதவடைத்த அறையில், சொன்னது வெளிப்போகாதென்ற உறுதியோடு மட்டுமே. இதை அறியாத கெட்டிக்கார நாடகாசிரியரைவிட, அறிந்த சாதாரண ஆசிரியை மேலானவர்.

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெறாதவர் 'ஆலோசகர்' என்று பெயரிட்டுக்கொள்ளல் குற்றம். 'நாடக வைத்தியர்' என்ற பெயருக்கு அச்சட்டத்தில் அத்தகைய காவல் இல்லை. பிரிட்டனிலோ அந்தப் பெயரையும் சட்டம் காக்கின்றது. முறையாய்ப் பயின்று பதிவு பெற்றவரன்றிப் பிறர் சூட்டிக்கொள்ளல் ஆகாது. நம் சங்கத்தார் ஒருவரை அழைக்கும்முன், 'பதிவு எண் உண்டா? எங்கே பயின்றீர்? கூட ஓர் ஆலோசகர் வருகின்றாரா? நோயாளிக்குத் துயர் மிகுந்தால் அன்றிரவு யாரைக் கூப்பிடுவது?' என்னும் நான்கு கேள்வியைக் கேட்டாலே பாதிப்பேர் வரமாட்டார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவனைக் குற்றவாளியாக்கிய சட்டம் சிங்கப்பூரில் 2020-இலும் மலேசியாவில் 2023-இலும் நீக்கப்பட்டது. போலீசுக்கு அஞ்சி ஒளித்தோம் என்ற சாக்கு இனி இல்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பர். பணமா இல்லை? திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவென்று வரி எழுதும் நோட்டு நம் மேசையில்தான் இருக்கின்றது. வாணவேடிக்கைக்கு எழுதிய தொகையை நாம் கூட்டிப் பார்த்திருக்கின்றோம். தாயத்துக்கும் கோழிக்கும் பூசாரியின் வண்டிச் சத்தத்துக்கும் ஒரு குடும்பம் ஓராண்டில் கொடுத்ததை அக்குடும்பத்தாரே சொல்லக் கேட்டு எழுதியும் வைத்திருக்கின்றோம். தமிழ் பேசும் பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரையும், அவரோடு இணங்கி வேலைசெய்யும் நாடகம் பயின்ற ஒருவரையும் மாதம் இருமுறை பட்டணத்திலிருந்து அழைத்துவர ஆகும் செலவு, அந்த வாணவேடிக்கைத் தொகையில் அடங்கும். மண்டபத்துச் சாவி கோயிற் கமிட்டித் தலைவரிடம் இருக்கின்றது. அதை மாதம் இரு ஞாயிறு மாலை கொடுக்க அவருக்கு மனமுண்டா என்று வருகிற கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து கேட்கப் போகின்றோம். நம்மோடு எழுந்து நிற்க முன்வருவோர் கூட்டத்துக்கு முன்னரே தெரிவிப்பார்களாக.